எங்கள் ரத்தம், அவர்கள் கட்டுரை

வடசென்னையின் பெரியவலைக் குப்பத்து மக்களிடம் ரத்தம் எடுத்து ஆராய்ந்தவர்கள், ஒரு காய்ச்சல் மருந்து அவர்களுக்கு ஆகாது என்று கட்டுரை எழுதினார்கள். படிக்க உரிமம் வாங்கியவர்களின் மூக்குக்கண்ணாடியில் மட்டுமே அந்தக் கட்டுரை தெரியும். குப்பத்து மருத்துவருக்கு அந்தப் படிக்கும் உரிமம் இல்லை. அவர் அதே மருந்தைக் கொடுத்தார். தேசம்மாளின் மகள் கன்னியம்மாவுக்குக் காது கேட்காமல் போனது.

மறு வருடம் மீண்டும் ரத்தம் எடுக்க வந்த ஆய்வாளர் கபிலன், நடந்ததைக் கேட்டுப் பதறிப்போனார்.

"அந்த மருந்து உங்களுக்கு ஆகாதுன்னு நாங்க அப்பவே எழுதிட்டோமேம்மா!"

தேசம்மாள் நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டாள். "எங்க ரத்தத்த எடுத்து யாருக்குய்யா எழுதுன? படி. இங்கயே, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

"வெளிய படிச்சா என் உரிமம் போயிடும்மா."

"எம்பொண்ணுக்குக் காதே பூடுச்சேய்யா!"

குப்பத்துப் பெண்கள் அவருடைய வண்டியை மறித்து உட்கார்ந்தார்கள். கபிலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். சற்று நேரத்தில் கண்ணாடி இருண்டுபோனது. அதைக் கழற்றிவிட்டு, மீதியை நினைவிலிருந்து சொன்னார்.

கன்னியம்மா அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் சத்தமா!" என்று தேசம்மாள் கத்தினாள்.