சகலைக்கு வந்த முதலாளி

"முதலாளி வந்திருக்கேன், காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கே? எழுந்திரு!"

செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தார் இரும்புக் கடைக்காரர். பம்பு கம்பெனியில் பிட்டரான சகலை, வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டான். இரும்பை எடை போட்டுப் போட்டு, கடைக்காரருக்கு மனிதர்களையும் எடை போடும் பழக்கம். அவர் தராசில் சகலை எப்போதும் பழைய இரும்பு விலைக்குத்தான் தேறுவான்.

அந்தப் பம்பு கம்பெனி இப்போது ஊருக்கெல்லாம் பங்கு விற்றிருந்தது. மாடி கட்ட வைத்திருந்த பணத்தை மொத்தமாக அதில் கொட்டி, பங்கு ஒன்று நானூறு என்று வாங்கியிருந்தார். லாபம் வரும்போது வரட்டும். இந்த அழுக்குச் சட்டைக்காரனுக்கு முதலாளி ஆவதே பாதி லாபம் இல்லையா?

"மொத்தம் எத்தனை முதலாளிங்க அண்ணே?"

"லட்சம் பேர் இருப்பாங்க. புதுசா அச்சடிச்ச பங்கு பாதி, பழைய ஆளுங்க தள்ளிவிட்டது பாதி. அதுக்கென்ன இப்போ?"

"இல்ல, அத்தனை பேருக்குப் பிரிச்சா உங்க பங்குக்கு ஒரு திருகாணியாவது தேறுமான்னு பார்த்தேன்."

தண்ணீர் கொண்டுவந்த மச்சினி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நக்கலா? போனஸ் கொடுக்க வக்கில்லாம, ஒண்ணு பத்து ரூபான்னு உங்க கம்பெனிக்காரன் நீட்டின காகிதத்தைப் பல்லை இளிச்சுக்கிட்டு வாங்கின ஆளுதானே நீ! அடுப்பு மூட்டக்கூட ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னீங்கண்ணே."

"நாளைக்குக் கம்பெனிக்கு வர்றேன். கேட்டுல நின்னு சல்யூட் அடிக்கணும், தெரிஞ்சுதா?"

"நான் இருக்க மாட்டேண்ணே. வேலையை விட்டுட்டேன்."

கடைக்காரர் அப்போதுதான் அவன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் எந்நேரமும் அப்பியிருக்கும் கிரீஸைக் காணோம். அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

"துரத்திட்டானா? அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணுவே? நம்ம கடைக்கு வா, கம்பி தூக்கலாம்."

"பக்கத்துத் தெருவுல சொந்தமா ஒர்க்‌ஷாப் போடறோம் அத்தான்" என்றாள் மச்சினி. "இடத்துக்குக்கூடப் பணம் கட்டியாச்சு."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பணமா? உங்கிட்டயா? எவன் குடுத்தான்?"

சகலை டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"அந்தக் காகிதத்தைத்தானே அண்ணே நீங்க நானூறு போட்டு வாங்கியிருக்கீங்க!"