கையெழுத்துப் போட வேண்டியவள்

பெரியப்பாவுக்கு ஒரு ரகசியக் குடும்பம் இருந்த செய்தியை, மாலை ஐந்து மணிக்குள் தெருவில் ஏழு வீட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டேன். எட்டாவது வீடு எங்கள் வீடு. அங்கேதான் கொஞ்சம் தயக்கம்.

தயக்கம் எனக்குப் பழக்கமில்லாத சரக்கு. எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு எத்தனை மணிப் பேருந்தில் போனாள் என்பது வரை என்னிடம் இருக்கும். "உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்பாள் அம்மா.

யுத்தத்தில் விமானத்தோடு விழுந்து இறந்த பெரியப்பாதான் எங்கள் குடும்பத்தின் ஒரே பெருமை. ஆகாயத்தையே கட்டிக்கொண்டவர், கல்யாணமே வேண்டாம் என்றவர் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். நான் பிறந்த வருஷம்தான் அந்த யுத்தம். அதனால்தான் இப்படிச் சண்டைக்காரியாக வந்து வாய்த்தேனாம். அதுவும் அம்மா சொன்னதுதான்.

பெருமையை நான் சும்மா பெட்டிக்குள் வைத்திருக்கவில்லை. எந்த வரிசையில் யார் முந்தினாலும் "நான் யார் வீட்டுப் பொண்ணு தெரியுமா?" என்று பெரியப்பாவை விமானத்தோடு இறக்குவேன். போன வருஷம் மாடிவீட்டு அக்கா பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்: "விமானி விமானிங்கறியே, வீட்ல அவர் தொப்பி ஒண்ணாவது இருக்கா?"

தொப்பி என்ன, ஒரு பொத்தான்கூட இல்லை.

அன்று பிடித்த வீம்பு. இரண்டு மனு, மூன்று நினைவூட்டல் கடிதம் எல்லாம் எழுதி, இன்று காலை விமானப்படை ஆவண அலுவலகத்தில் போய் நின்றேன். குமாஸ்தா தூசி தட்டிக் கோப்பு ஒன்றை எடுத்து வந்தார்.

"அவரோட பெட்டி ஒண்ணு இங்கேயே கிடக்கு. பதக்கம், கைக்கடிகாரம், பறந்த நேரமெல்லாம் எழுதி வச்ச நோட்டு. யாரும் வந்து வாங்கிக்கல."

"குடுங்க, நான் வாங்கிக்கறேன்!"

"நீங்க அவருக்கு என்ன முறை?"

"தம்பி பொண்ணு."

"அப்போ முடியாதும்மா. சம்சாரமோ பிள்ளையோ வந்து கையெழுத்துப் போடணும். இந்த மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா கழிச்சுடுவோம். வைக்க இடமில்ல."

"அவருக்கு ஏதுங்க சம்சாரம்?"

"இதுல இருக்காங்களே. மனைவி. ஒரு பெண் குழந்தை, ஒன்பது நாள்."

தலைகீழாக இருக்கும் எழுத்தைப் படிப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. அடுத்தவர் மருந்துச்சீட்டெல்லாம் அப்படித்தான் படித்திருக்கிறேன். ஆனால் அந்த ஆளின் உள்ளங்கை முறம் மாதிரி. மனைவியின் பெயர் மேலேயே படுத்துக்கிடந்தது. வாரிசு அல்லாதவர்களுக்குப் பெயரைக் காட்டக் கூடாதாம்.

பெயர் கிடைக்காவிட்டால் என்ன, கதை கிடைத்ததே! முதல் வீட்டில் நான் சொன்னபோது வெறும் மனைவியாக இருந்தவள், நாலாவது வீட்டில் நர்ஸ் ஆனாள். ஏழாவது வீடான மாடிவீட்டில் நாடகக்காரியே ஆகிவிட்டாள்.

அங்கேயே அக்காவின் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு தடவை சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுவதாகப் பேர். பேட்டரி அவர் கையிலேயே இருந்தது.

"உங்க அண்ணன் லட்சணம் தெரியுமாப்பா? பொண்டாட்டி, பொண்ணு எல்லாம் இருந்திருக்கு! எவளோ நல்லா மயக்கியிருக்கா."

"மயக்கித்தான் இருப்பா" என்றாள் அம்மா, போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டியபடி. "நாடகக்காரியாமே?"

"உனக்கு யார் சொன்னா?"

"மாடிவீட்டுக்காரிதான். நீ அவ பிள்ளைங்ககிட்ட சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குச் சொல்லிட்டுப் போயிட்டா."

என் சரக்கு என்னையே முந்திவிட்டது. தொழிலில் இதைவிட அவமானம் கிடையாது. போர்வை முனையைப் பிடித்துக்கொண்டே பேச்சைத் திருப்பினேன்.

"அந்தப் பொண்ணக் கண்டுபிடிக்கணும்மா. அவ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பெட்டி நம்ம கைக்கு வரும். இல்லேன்னா மாசக் கடைசியில அதைக் குப்பையில போட்டுடுவாங்க."

பேட்டரியை உருட்டிக்கொண்டே அப்பா சொன்னார்: "விடேன். அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருப்பா. வாய் மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கும்."

"இருக்காதா பின்னே? நம்ம வம்சமாச்சே!"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் நான் ஒட்டுக் கேட்காத பேச்சில்லை. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் அப்போது பேசாமல் பேசிக்கொண்டது எனக்குப் புரியவில்லை. கடைசியில் அப்பா மெல்லத் தலையாட்டினார்.

"கோப்புல அந்தக் குழந்தையோட பேர் போட்டிருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"அது இருந்தா நான் ஏன் இப்படி முழிக்கறேன்? பெண் குழந்தை, ஒன்பது நாள். அவ்வளவுதான். பெத்தவ ஒரு பேரையாவது வச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா? நான் எங்கேன்னு போய்த் தேடுவேன்?"

அம்மா என் கையிலிருந்த போர்வை முனையை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"உனக்கு அப்போ இன்னும் பேரே வைக்கலடி."