பீரங்கியின் புது ரப்பர்

உரித்த வேகத்தில் ரப்பரோடு டேபிள் டென்னிஸ் மட்டையின் மரச் சிம்பும் பிய்ந்து வந்துவிட்டது. இதுவரை எந்த எதிராளியும் செய்யாத சேதத்தை என் மட்டைக்கு நானே செய்து முடித்திருந்தேன்.

"அடப்பாவமே, இதை ஏன் சார் உரிச்சீங்க?" விளையாட்டுச் சாமான் கடைக்காரர் மட்டையை வாங்கி, அடிபட்ட குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினார். "உங்க ஆட்டத்துக்குன்னே பார்த்துப் பார்த்துப் போன மாசம் ஒட்டிக் கொடுத்ததாச்சே!"

"வேற ரப்பர் வேணும். நாளைக்கு எங்க மேனேஜரோட ஆட்டம்."

"ஜெயிக்கணும்னா இதைவிட நல்லது..."

"தோக்கணும்."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு எதுக்கு சார் ரப்பர்? நீங்க போனாலே போதுமே."

அதிலும் நியாயம் இருந்தது. ஆபீசில் எனக்குப் பீரங்கி என்று பெயர். சத்தம் பெரிது, குண்டு எங்கே போய் விழும் என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்த ரப்பர் வந்த பிறகு என் பந்துகள் மேஜைமேல் விழத் தொடங்கியிருந்தன. அதுதான் வினை.

எங்கள் மேனேஜர் பெரிய ஆட்டக்காரர். டீ கொண்டுவரும் அண்ணனைக்கூட விட்டுவைக்காமல் துவைத்து எடுப்பார். அவர் தோற்றது மொத்தமே மூன்று பேரிடம். முதலில் கிடங்கு அண்ணன், பிறகு டிரைவர், கடைசியாகக் கணக்குப் பிரிவு அக்கா. மட்டையைக் கரண்டிபோலப் பிடிக்கும் அக்கா எப்படி ஜெயித்தார் என்பது அக்காவுக்கே விளங்கவில்லை. ஜெயித்த மறுநாளே மூவருக்கும் சீட்டுக் கிழிந்தது.

மேனேஜருக்குத் தோல்வி ஆகாது என்று ஆபீசே கிசுகிசுத்தது. ஆட்குறைப்பு உண்டா, அடுத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பொறுக்கமாட்டாமல் மேனேஜரிடமே கேட்டேன். அவர் முன்னாலிருந்த ஃபைலை மூடி வைத்தார். "நாளைக்குச் சாயங்காலம் ஒரு கேம் போடலாம், வாங்க" என்றார்.

கடைக்காரர் நெடுநெடுவென்று குமிழ் நீட்டிய ஒரு ரப்பரை எடுத்து வைத்தார். "இது தடுத்து ஆடுறவங்களுக்கு. அடியில பஞ்சு கிடையாது. உங்களை மாதிரி ஓங்கி அடிச்சா ஒண்ணு வலையில விழும், இல்ல ஊரைத் தாண்டும்."

"ஒட்டுங்க" என்றேன்.

மறுநாள் காலை மனைவி வாசல்வரை வந்தாள். எட்டு மாத வயிறு. "ஜெயிச்சுட்டு வந்தீங்கன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன், சொல்லிட்டேன்" என்று சிரித்தாள். வயிற்றின் மேலிருந்த கை மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். துக்க வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும்.

புது ரப்பர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஓங்கி அடித்த முதல் பந்து சுவரைத் தொட்டது. நிம்மதியாக இருந்தது. ஆனால் சும்மா மட்டையை நீட்டிய பந்துகள் நெளிந்து நெளிந்து போய் மேஜை ஓரத்தை முத்தமிட்டு இறங்கின. என் அதிர்ஷ்டம், வேண்டாத நாளாகப் பார்த்து வேலைக்கு வந்திருந்தது.

"நல்ல ஷாட்" என்றார் மேனேஜர். குரலில் ஈரமே இல்லை.

பத்துக்குப் பத்து. இனி இரண்டு புள்ளி முந்துபவருக்கே ஆட்டம். அவர் போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது. ஆத்திரத்தில் குறி தவறுகிறது என்று நினைத்தேன். பயந்துபோய் என் சர்வீஸை நானும் வலையிலேயே அடித்தேன். மறுபடி அவர் வலையில்; மறுபடி நான். இரண்டு பேரும் சேர்ந்து வலையைத்தான் துவைத்துக்கொண்டிருந்தோம். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது.

கடைசியில் அவர் ஒருமுறை வலையில் அடித்ததும், நானும் வலையைக் குறிவைத்தேன். நான் குறிவைத்த இடத்தில் எது போய் விழுந்திருக்கிறது? பந்து அந்தப் பக்கம் போய்விட்டது. நடை பழகும் குழந்தை மாதிரி மெல்ல மெல்ல அவர் மட்டைக்கு நேராகப் போனது. மேனேஜர் ஓங்கி வீசினார். மட்டை காற்றைத்தான் அடித்தது.

யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராக நழுவினார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

"சார்," மேஜையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் ஓடினேன். "சத்தியமா நான் ஜெயிக்க வரலை சார். தோக்கணும்னே ரப்பரை மாத்திட்டு வந்தேன். வீட்டுல பிள்ளைத்தாச்சி. இந்த ஒரு ஆட்டத்துக்காக என்னைத் தூக்கிடாதீங்க சார்."

மேனேஜர் மட்டையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஜெயிச்சதுனால யாரையும் நான் அனுப்பலைங்க" என்றார். "அனுப்பப்போறவங்ககிட்ட மட்டும்தான் தோப்பேன்."