படத்தில் இருப்பது

நீடாமங்கலத்துத் தொண்டு நிறுவன அலுவலகத்தில் மின்விசிறி கிறீச்சிடுகிறது. நாளை இணையதளத் திறப்பு. பார்வையற்ற அனுராதா அதைக் கைபேசியில் சோதித்துப் பார்க்கிறார். முதல் படத்தை அவர் விரல் தொட்டதும் கைபேசி வாசிக்கிறது: "ஏழைகளின் விடிவெள்ளி அமிர்தலிங்கம்." தலைவர் அமிர்தலிங்கம் மீசையைத் தடவிக்கொள்கிறார். அவர் சொன்னதை அப்படியே பார்வையற்றோருக்கான பட விளக்கமாக எழுதிய ஊழியர் இசைவாணி விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொள்கிறாள். "படத்துல என்ன இருக்குங்க சார்?" என்கிறார் அனுராதா. "நான் சக்கர நாற்காலி குடுக்குறேம்மா." "வாங்குறவங்க எப்படி இருக்காங்க?" தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிகிறார். வாங்குகிற ஆளைக் காணோம். ரோஜா மாலைதான் படம் முழுக்க. "ஒரு சக்கரம் தெரியுதும்மா," என்கிறார் மெதுவாக. இசைவாணி அவசரமாக விளக்கத்தைத் திருத்துகிறாள். கைபேசி வாசிக்கிறது: "பெரிய மாலை. பின்னால் ஒரு சக்கரம்." அனுராதா சிரிக்கிறார். "இப்ப நல்லாத் தெரியுதுங்க சார்."