இடப்பக்கக் கண்ணாடி

பேட்டரி மாற்றியதிலிருந்து தயாபரனின் ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு கதவுக் கண்ணாடிகளும் முரண்டு பிடித்தன. பட்டனை ஒருமுறை தொட்டால் உச்சிவரை ஏறும். எதிலோ இடித்ததுபோல் தானே இறங்கிவிடும்.

மெக்கானிக்கைப் போனில் பிடித்தான். "எதுவரைக்கும் ஏறணும்னு அதுக்கு மறந்துபோச்சு சார். ரெண்டு கதவுப் பட்டனையும் ஒரே நேரத்துல மேல இழுத்துப் பிடிக்கணும். தனியா எட்டாது, பக்கத்துல யாரையாச்சும் உக்கார வைங்க."

யாரை? போனில் இருந்த பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தான். கடைசியில் குடியிருப்பின் வாட்ச்மேன் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டான்.

அவர் குனிந்து பார்த்துத் தயங்கினார். "இந்தப் பக்க சீட்டுல பிளாஸ்டிக் கவரே பிரிக்கல. புது வண்டியா சார்?"

"மூணு வருஷமாச்சு. உக்காருங்கண்ணே."

உறை சரசரக்க உட்கார்ந்தார். ஆளுக்கொரு பட்டனைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். கதவுக்குள் 'டிக்' என்றது. அடுத்த தொடுதலில் இரண்டு கண்ணாடிகளும் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றன. வெளிச்சத்தம் அடங்கியது. காருக்குள் இன்னொருவர் மூச்சுவிடுவது கேட்டது.

"சரியாயிடுச்சு சார்" என்று ஏகாம்பரம் இறங்கினார். தான் உட்கார்ந்து கசங்கிய உறையை நீவிவிடக் குனிந்தார்.

"விடுங்கண்ணே" என்றான் தயாபரன் அவசரமாக. "அப்படியே இருக்கட்டும்."