தம்பியை ஓரத்தில் நிறுத்தியவன்

"கூடப் பொறந்த தம்பியையே வெளியில நிறுத்திட்டான், பாருங்க அநியாயத்தை!"

தலாஸ் மைதானமே கொதித்தது. கோக்போரு இறுதி ஆட்டம். குதிரை மேலிருந்தபடியே செத்த ஆட்டைப் பறித்துக் கொண்டுபோய் எதிரணியின் தொட்டியில் போடவேண்டும். ஆட்டம் தொடங்கும் நேரத்தில், அணித்தலைவன் குபாத் தன் தம்பி ஜமீரைக் குதிரையிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டான்.

அந்த ஊரில் ஜமீரை மிஞ்சிய குதிரைக்காரன் கிடையாது.

"இந்தக் கம்பத்துப் பக்கத்துல நில்லு. என் கண்ணுல படற மாதிரி நிக்கணும். எங்கேயும் போகக் கூடாது."

எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னான் குபாத். ஜமீர் போய் நின்றான்.

கூட்டத்தில் இருந்த குபாத்தின் மனைவி புருலுக்கு முகம் சுருங்கிப் போனது. பின்னால் இருந்தவர்கள் அவள் இருப்பதைப் பார்த்துவிட்டே பேசினார்கள்.

"எல்லாம் பொறாமை. தம்பி பேர் வாங்கிட்டா அண்ணனை யாரு மதிப்பா?"

"இந்த வசந்தத்துலதான் பச்சைக் குழந்தையைப் பறிகொடுத்தான் ஜமீர். கண்ணீர் காயறதுக்குள்ள குதிரை ஏறி வந்து புலி மாதிரி ஆடினானே! அவன் ஆம்பளை. அவனைப் போய்..."

ஆட்டம் சமநிலையில் வந்து நின்றது. கடைசிக் கட்டம். ஆட்டைக் காலிடுக்கில் இடுக்கிக்கொண்டு குபாத் பறந்து வந்தான். தொட்டி எதிரிலேயே இருந்தது. எறிய வேண்டியதுதான் பாக்கி.

குபாத் தலையைத் திருப்பிக் கம்பத்துப் பக்கம் பார்த்தான்.

அந்த ஒரு நொடி போதும். எதிரணிக்காரன் ஆட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். கோப்பையும் போய்விட்டது.

"தம்பி தன்னைப் பார்த்துச் சிரிக்கிறானான்னு பார்த்தான் போல!"

கூட்டம் சிரித்தது. புருல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் குபாத் தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வந்தான். ஜமீரின் மனைவி தாய்வீட்டில் இருந்தாள். ஜமீர் முற்றத்தில் குதிரைகளுக்குப் புல் போட்டுக்கொண்டிருக்க, புருல் அடுப்படியில் வெடித்தாள்.

"ஊரே காறித் துப்புது. இனிமே நான் எந்த முகத்தோட சந்தைக்குப் போவேன்? அவன் மேல உங்களுக்கு என்னங்க அவ்வளவு வயித்தெரிச்சல்?"

"தேநீர் வை. பெரியப்பா வர்றார்."

வந்தவர் அணியை நடத்தும் மம்பெத் பெரியப்பா. அவர் உட்காரக்கூட இல்லை.

"குபாத், இனிமே நீ தலைவன் இல்ல. ஜமீர்தான். எங்க அவன்?"

"இங்கதான் இருக்கேன், பெரியப்பா." ஜமீர் வாசற்படியில் நின்றிருந்தான். "எனக்கு வேண்டாம்."

"ஏன்டா? இவனுக்குப் பயமா?"

"ஜமீர், நீ உள்ள போய்ச் சாப்பிடு" என்று குபாத் அவசரமாக எழுந்தான்.

"இல்லண்ணே, சொல்லிடறேன்." ஜமீர் உள்ளே வந்தான். "பெரியப்பா, குழந்தை போனதுக்கப்புறம் நான் குதிரையை விரட்டின விரட்டுல நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. வீரம்னு நினைச்சீங்க. எனக்கு உயிர் மேல ஆசை விட்டுப்போச்சு, அவ்வளவுதான். இன்னிக்குக் காலையில சேணத்தோட வயித்து வாரை நான் இறுக்கவே இல்ல."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

மம்பெத் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கூட்ட நெரிசலில், அத்தனை குளம்புகளுக்கு நடுவில் சேணம் சரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?" குபாத்திடம் கேட்டார்.

"முன்னெல்லாம் ஏறுறதுக்கு முன்னாடி குதிரை காதுல ஏதாவது வம்பு பேசிட்டுத்தான் ஏறுவான், பெரியப்பா. கொஞ்ச நாளாப் பேசறதில்ல. யாரையும் தொட விடாத தன் சாட்டையை நேத்து என் பொண்ணுகிட்டக் கொடுத்து 'நீயே வச்சுக்கோ'ன்னுட்டான். ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. காலையில வாரைத் தொட்டுப் பார்த்தேன்." குபாத் தம்பியின் தோளில் கை வைத்தான். "நாளைக்கு ரெண்டு பேரும் டாக்டரைப் பார்க்கப் போறோம்."

ஜமீர் அண்ணனின் சட்டையில் முகம் புதைத்து அழுதான். குழந்தையை அடக்கம் செய்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை.

புருல் அடுப்பை மறந்து நின்றாள்.

மம்பெத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பவே போய் ஊர்ல சொல்றேன். உன் மேல விழுந்த பழி போகட்டும்."

"வேண்டாம் பெரியப்பா. நாளைக்கு இவனைப் பார்க்கறவன் எல்லாம் பரிதாபமாப் பார்ப்பான். இவன் தாங்கமாட்டான். தலைமையை வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

"ஏன் தோத்தோம்னு ஊர் கேக்குமே! என்னடா சொல்றது?"

புருல் முதல் கிண்ணத் தேநீரைக் கொண்டுவந்தாள். பெரியவருக்குத் தரவேண்டியதைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"குபாத்தாலதான் தோத்தோம்னு சொல்லுங்க, பெரியப்பா. நாளைக்குச் சந்தையில முதல் ஆளா நானே சொல்றேன், 'அந்தக் குபாத் என் வீட்டுக்காரர்தான்'னு!"