சீட் வெச்ச புல்லு மெஷின்

"ஓட்டற ஆளு எழுபது கிலோ இருக்கும் பாய். சீட்டு தாங்குமுங்களா?"

பங்காரம்மா கடைக்குள்ள வந்ததும் கேட்ட முதல் கேள்வியே இதுதானுங்க.

புல்லு வெட்டற மெஷின் விக்கறதுல எனக்கு ஒரு முறை இருக்குது. முதல்ல எத்தனை சென்ட் புல்லுன்னு கேப்பேன். அப்புறம் மேடு பள்ளம். கடைசியாத்தான் பட்ஜெட். தேவைக்கு மேல ஒரு திருகாணி கூட யார் தலையிலும் கட்ட மாட்டேன். கோயமுத்தூர்ல கரீம் கடைக்கு அதுக்குத்தான் பேரு.

"எத்தனை சென்ட்டுங்கம்மா?"

"ஏழு."

"அதுக்குத் தள்ளற மெஷினே தாராளமுங்க. டிராக்டராட்டம் உக்காந்து ஓட்டறதெல்லாம் எஸ்டேட்டுக்காரங்க வாங்கறது. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கெடக்குது, ஊட்டிப் பக்கம் ஒரு பங்களாவுல ஓடின பழசு."

"அதேதான் வேணும். உக்காந்துதான் ஓட்டணும்னு அய்யா சொல்லிட்டாரு."

அய்யான்னா அவங்க வீட்டுக்காரர் கோவிந்தராஜுலு. தை மாசம் அவர் எழவுக்கு நானே மாலை வாங்கிட்டுப் போயிருக்கேன். இப்ப நடக்கறது ஆடி.

"எப்பச் சொன்னாருங்க?" வாய் தவறிக் கேட்டுப்போட்டேன்.

"நேத்து சாயங்காலம். பணத்துக்கு யோசிக்காதீங்க. அவர் காரு சும்மாதானே நிக்குது, வித்துப்போடறேன்."

புத்தி பேதலிச்ச பொம்பளையைக் காரை விக்க வெச்சு மெஷினைத் தள்ளிவிட்டா, அந்தக் காசு எனக்குச் செரிக்குமா? எடத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்னு சமாளிச்சேன். போய்ப் பார்த்துட்டு, ஆவாதுன்னு கையை விரிச்சிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலமே ஆர்.எஸ்.புரத்துல அவங்க ஊட்டுக்குப் போனேன். போர்ட்டிகோவுல காலிப் பிரம்பு நாற்காலி. கீழ ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி, துடைச்சு வெச்சிருந்துச்சு. பக்கத்துல தோட்டக்காரர் ராமுலு அரிவாளோட நின்னுட்டிருந்தாரு. அறுபத்தஞ்சு வயசு இருக்கும். முட்டி ரெண்டும் தேங்காயாட்டம் வீங்கியிருந்துச்சு.

"ஏனுங்க, இந்தச் செருப்பு..." ன்னு ஆரம்பிச்சேன்.

"மெதுவாப் பேசுங்க பாய். அய்யா பேசற நேரம்."

நான் அந்த நாற்காலியை விட்டு ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டேன்.

பங்காரம்மா வாசலுக்கு வந்தாங்க. "ராமுலு, உக்காருன்னா உக்கார மாட்டியா?"

"அய்யா இருந்த எடமுங்கம்மா. நான் எப்படி உக்காருவேன்?"

"சரி. அவரையே சொல்லச் சொல்றேன்."

உள்ள போய்க் கதவைச் சாத்திட்டாங்க. அப்புறம் ரெண்டு இருமல். கோவிந்தராஜுலு இருமலேதானுங்க! எத்தனை தடவை என் கடையில உக்காந்து இருமியிருக்காரு.

"ராமுலு... கூச்சோரா."

உக்காருடான்னு, அவங்க ஊட்டுத் தெலுங்குல. செத்துப் போன மனுசன் குரல்.

ராமுலு கையைக் கட்டிக்கிட்டுப் படியில உக்காந்தாரு. கண்ணு ரெண்டும் ததும்பியிருந்துச்சு.

யா அல்லா! கழட்டி வெச்ச என் செருப்பைக் கூட மாட்டாம நான் கேட்டுக்கு ஓடினேன்.

"பாய்! பயந்துட்டீங்களா? இப்படி வாங்க." பக்கத்து ஜன்னல்ல இருந்து பங்காரம்மா கூப்பிட்டாங்க. திரும்பி வந்து எட்டிப் பார்த்தேன். மேசை மேல ஒரு டேப் ரெக்கார்டர்.

"அமெரிக்காவுல இருக்கற எங்க பையன் ரோஹனுக்கு லெட்டர் எழுத மாட்டாரு, கேசட்டுல பேசித்தான் அனுப்புவாரு," ன்னு தாழ்ந்த குரல்ல சொன்னாங்க. "இது அனுப்பாம நின்னு போனது. நடுவுல, எதிர்ல நின்ன ராமுலுவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்காரு. டேப்பு ஓடினதெல்லாம் அவனுக்கு என்ன தெரியும், வெள்ளந்தி."

"எதுக்குங்கம்மா இப்படி?"

"இனியும் அவன் நின்னு வேலை செஞ்சா காலே போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊட்டுல இரு, சோறு போடறேன்னா, வேலை செய்யாமத் திங்க மாட்டேங்கறான். நாப்பது வருசமா எங்க முன்னால உக்காராதவன் பாய். என் பேச்சுக்கு உக்கார மாட்டான். அவர் குரலுக்குத்தான் உக்கார்றான். அதுக்குத்தான் சீட்டு வெச்ச மெஷின்."

எனக்கு வெக்கமாப் போச்சு. அந்தம்மா ஏழு சென்ட்டுக்கு மெஷின் கேக்கலை, ரெண்டு முட்டிக்குக் கேட்டிருக்காங்க. அதுக்குச் சீட்டு வெச்சதை விட்டாச் சரியான மெஷின் வேற எது? அங்கேயே சரின்னு தலையாட்டினேன்.

அடுத்த வாரம் மெஷினை எறக்கி, ராமுலுவுக்கு கியர் போடச் சொல்லிக் கொடுத்தேன். நின்னுட்டே கேட்டுக்கிட்டாரு. அம்மா மூணு தடவை சொல்லியும் சீட்டுல ஏற மாட்டேன்னு ஒரே அடம். "சரி, அவர்கிட்டயே சொல்றேன்" ன்னு அவங்க உள்ள போனாங்க.

எனக்குக் கோவம் வந்துருச்சு. "ஏனுங்க ராமுலு, அந்தம்மா சொன்னதும் ஏறினா என்னவாம்? எத்தனை தடவைதான் கெஞ்சுவாங்க?"

அவர் ஜன்னலை ஒரு பார்வை பார்த்துட்டு, எங்காதுகிட்ட வந்தாரு.

"அய்யா போன பின்னால மூணு மாசம் அம்மா சரியாவே சாப்பிடலீங்க. அந்தக் குரலைக் கேக்கற நாள்லதான் ரெண்டு வாய் சாப்பிடறாங்க. அவங்க சொன்னதும் நான் உக்காந்துட்டா, கேசட்டைப் போட மாட்டாங்களே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அது கேசட்டுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

உள்ள ரெண்டு இருமல் கேட்டுச்சு. ராமுலு அவசரமா முகத்தைத் துடைச்சுக்கிட்டு, சீட்டைப் புடிச்சு ஏறினாரு.

"என்னங்க பாய் இப்படிக் கேக்கறீங்க? அன்னிக்கு அய்யா பேசறப்ப, அந்த டேப்புல பட்டனை அமுக்கிட்டு நின்னவனே நான்தானுங்க."